புளியங்கட்டைக்கு விட்ட இடம்

விறகு பிளக்கும் களத்தின் நடுவே ஒரு புளியங்கட்டை கிடந்தது. பிளக்க வேண்டியதை அதன் தலைமேல் நிறுத்தித்தான் கோடாலி போடுவார்கள். அதனால் தானும் கோடாலியும் ஒரே கட்சி என்று அதற்கு நினைப்பு.

சித்திரை வெயிலில் மேலே ஏறும் ஒவ்வொரு வேலங்கட்டையும் நடுங்கும். "அண்ணே, வலிக்குமா?"

"சேச்சே! நான்தான் அடியில தாங்கிக்கிறேன்ல? கண்ணை மூடிக்க தம்பி" என்று புளியங்கட்டை பரிவாகச் சொல்லும். அடுத்த நொடி தம்பி இரண்டாகிவிடுவான். பிளந்ததை எதிரிலேயே அடுக்கிக் காயவிடுவார்கள். அடுக்கு ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நன்றி கெட்டதுகள் என்று புளியங்கட்டை பொருமும்.

ஒருநாள் உச்சி வேளையில், காற்றே இல்லாதபோது, அடுக்கு முழுக்கச் சடசடவென்று வெடித்தது. பிறகு எல்லா விறகும் ஒரே குரலில் பேசின.

"அண்ணே, இங்க சூடு இதமா இருக்கு. உங்களுக்கும் இடம் விட்டிருக்கோம்."

அடுக்கின் நடுவில் ஒரு பொந்து தெரிந்தது. காலையில் அது இல்லை.

"எனக்கெதுக்கு இடம்? நான் என்ன விறகா?" என்று புளியங்கட்டை சிரித்தது. சிரித்தபோது, அடி வாங்கி வாங்கி அதன் உச்சந்தலையில் விழுந்திருந்த விரிசல் இன்னும் கொஞ்சம் திறந்தது. கோடாலிக்காரன் குனிந்து அதில் விரலை விட்டுப் பார்த்தான்.

சாயங்காலம் புதிதாக ஒரு புளியங்கட்டையை உருட்டி வந்தார்கள். பழையதைத் தூக்கி அதன் தலைமேல் நிறுத்தினார்கள்.

"கோடாலி, நாம ஒரே கட்சிதானே?"

கோடாலி உயர்ந்தது. அடியிலிருந்துதான் பரிவான ஒரு குரல் வந்தது.

"பயப்படாதீங்க அண்ணே. நான் தாங்கிக்கிறேன்ல? கண்ணை மூடிக்குங்க."