தலையாட்டக் கூடாத நாற்காலி

கத்தி கழுத்தில் இருக்கும்போது அந்தக் கடையில் யாரும் தலையாட்டக் கூடாது.

ஆமாம் என்றால் ஒரு விரல். இல்லை என்றால் இரண்டு விரல். நாற்காலியின் கைப்பிடியிலிருந்து தூக்கிக் காட்டினால் போதும்.

சவரக் கடைக்காரர் தானே கண்டுபிடித்த ஏற்பாடு அது. வாயை மூடிக்கொண்டு சவரம் செய்ய அவருக்கு வராது. கேட்டதற்குப் பதில் வராவிட்டால் தலையே வெடித்துவிடும். ஆனால் மனிதர்கள் ஆமாம் என்பதற்கும் தலையாட்டுவார்கள், ரேடியோப் பாட்டுக்கும் ஆட்டுவார்கள், தூங்கி விழுந்தும் ஆட்டுவார்கள். கத்திக்கு எல்லாம் ஒன்றுதான்.

இப்போது நாற்காலியில் இருப்பவர் அவருடைய தங்கையின் கணவர். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் வருகிறவர். விரல் கணக்கு அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

தங்கை மொட்டை மாடியிலிருந்து விழுந்து இறந்தபிறகு இன்றுதான் வந்திருக்கிறார். தாடி புதராக மண்டிக் கிடந்தது.

கால் இடறி விழுந்துவிட்டாள் என்றார்கள். எல்லோரும் நம்பினார்கள். தங்கையின் எதிர்வீட்டுக்காரி மட்டும் நேற்று கடைவாசலில் நின்று வேறு மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

நுரையை வழித்துக்கொண்டே குரல்வளைக்கு வந்தார். இரண்டு விரல் உயர்ந்துவிட வேண்டும் என்று அவர் வேண்டாத தெய்வமில்லை.

“மாப்ள... நீங்கதான் அவளைத் தள்ளி விட்டீங்களா?”

விரல்கள் அசையவில்லை.

தலை அசைந்தது. சட்டென்று, கீழ்நோக்கி, முழுப் பலத்தோடு.

கத்தி அதற்குள் விலகியிருந்தது. எத்தனையோ வருடப் பழக்கம். கடைக்காரரைக் கேட்காமலே கை பின்னால் துள்ளியிருந்தது. நுரையில் ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான்.

பாவி, ஒப்புக்கொண்டுவிட்டான்! என் தங்கையைக் கொன்றவனையா இந்தக் கை காப்பாற்றியது? அதை வெட்டிப் போடலாம் போல இருந்தது கடைக்காரருக்கு.

பிறகுதான் கைப்பிடியைப் பார்த்தார். விரல்கள் வைத்தது வைத்தபடி கிடந்தன.

ஆமாம் என்று சொல்ல ஒரு விரல் போதுமே.

மாப்பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. தலையை முன்னைவிட நன்றாகப் பின்னால் சாய்த்து, கழுத்தைக் காட்டினார்.

“இன்னொரு தடவை கேளுங்க, மச்சான்.”