எழுதிக் கொடுக்கிற டாக்டர்

லைல் ஹாகன் நவம்பர் பனி ஒட்டிய பூட்ஸோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். கூடவே கோடியும்.

"என்ன ஆச்சு லைல்?" என்றார் டாக்டர் ரெனாட்டா.

"என் பொண்டாட்டி இங்க்ரிட் செத்ததுலேர்ந்து இவன் சரியில்ல டாக்டர். சாப்பாட்டைத் தொடறதில்ல, தூங்கறதில்ல. அவ கார் நிக்கற இடத்தையே வெறிச்சுப் பாத்துட்டிருக்கான்."

கோடியைச் சோதித்த ரெனாட்டா, "உடம்புல ஒண்ணுமில்ல. துக்கம்தான்" என்று மாத்திரை எழுதி நீட்டினார். "சீஸ்ல பொதிச்சுக் குடுங்க. இல்லேன்னா துப்பிடுவான்."

நாற்காலிக்கு அடியில் கோடி லேசாக வாலை ஆட்டியது.

லைல் சீட்டைப் படித்தார். "அட, மார்லாவும் இதே மாத்திரைதான் குடுக்கணும்னாங்க."

"நம்ம ஊர் சைக்காலஜிஸ்ட்டா? அவங்க எப்போ நாய்க்குப் பாக்க ஆரம்பிச்சாங்க?"

"எனக்குப் பாக்கறாங்க. நானும் சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. வாரா வாரம் பேசறோம். ஆனா மாத்திரை எழுத அவங்களுக்கு நம்ம மொன்டானா மாநிலச் சட்டத்துல இடமில்லையாம். ஊர் டாக்டரும் ரிட்டையர் ஆயிட்டார். எழுதற மனநல டாக்டர் தூரத்துல பில்லிங்ஸ் நகரத்துல இருக்கார். மார்ச்லதான் வரச் சொல்லியிருக்காங்க."

ரெனாட்டா அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். "லைல், அது கோடிக்கு. நீங்க தொடக் கூடாது."

"தெரியும் டாக்டர்."

லைல் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"எனக்குத்தான் வால் இல்லையே."