விளிம்பில் தொங்குகிறவள்

ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஆள் வந்தபோது, அதில் படுத்திருந்த மெர்லின் கையடக்க வீடியோ விளையாட்டின் கடைசிக் கோட்டையில் இருந்தாள். கல்தூண்களைச் சரியான வரிசையில் திருப்பிக் கதவைத் திறந்தாயிற்று, காவலர்களை வெட்டிச் சாய்த்தாயிற்று. திரையில் இருந்த வாள்காரப் பெண் இடிந்த பாலத்திலிருந்து தாவி, எதிர்ச்சுவரின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்தப் பட்டன அழுத்திப் பிடிச்சுக்கிடுங்க. விட்டீங்கன்னா இவ விழுந்துருவா. நான் வந்து ஏத்திக்கிடுதேன்."

அவள் விரலை எடுப்பதற்குள் சிங்கராயர் தன் கட்டைவிரலை அங்கே வைத்துவிட்டார். ஆபரேஷன் தியேட்டரின் கதவு அவளுக்குப் பின்னால் மூடியது.

காற்று வீசும்போதெல்லாம் தொங்குகிறவளின் கால்கள் ஆடின. சுவர்மேல் ஓர் ஈட்டிக்காரன் அவள் விரல்களுக்கு அருகே வருவதும் திரும்பிப் போவதுமாக இருந்தான். சிங்கராயருக்கு விரல் மரத்து, வலி தோள்வரை ஏறியது.

பக்கத்து நாற்காலிக்காரர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "அண்ணாச்சி, நிறுத்தி வைக்கத் தனிப் பட்டன் இருக்குமே. அத அமுக்கிட்டு விரல எடுங்க."

"எம்புள்ள பிடிச்சுக்கிடத்தான் சொன்னா" என்று வெடுக்கென்று சொன்னார் சிங்கராயர்.

ஓரத்தில் பேட்டரிக் குறி சிவப்பாக மின்னத் தொடங்கியது. ஈட்டிக்காரன் மறுபடி வந்தான். இந்த முறை அவள் விரல்களைப் பார்த்து நின்றான். திரை அணைந்தது. கறுத்த கண்ணாடியில் அவர் முகம் மட்டும் இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தாள். "மெர்லின்கூட வந்தது யாரு?"

அவள் மேற்கொண்டு பேசுமுன் சிங்கராயர் எழுந்தார், வெளுத்த விரலை எடுக்காமலே.

"நான் விடல, சிஸ்டர்" என்றார்.