ஜன்னலோரம் இரண்டு பாட்டு

“ஒரு முருகன் பாட்டு பாடுனாப் போதும் கண்ணு. உக்காந்து பாடிட்டு, அடக்கமா உள்ள வந்துரு” என்றாள் மாதம்மாள்.

“ரெண்டு பாட்டுங்கம்மா. ஒண்ணு அழுகைப் பாட்டு, ஒண்ணு ஆங்காரப் பாட்டு. ஜன்னலோரம் நின்னுதான் பாடுவேன். சரின்னாச் சொல்லுங்க, சேலை கட்டறேன்” என்றாள் மகள் கௌரி.

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் யாராவது அழுகைப் பாட்டு பாடுவார்களா? மாதம்மாள் பதறிப்போய்க் கணவனைப் பார்த்தாள். அங்கப்பனுக்கு அன்றைக்கு எதற்கும் கோபம் வருகிற மாதிரி இல்லை.

“பாடிட்டுப் போகட்டும் புள்ள. சேலை கட்டறேன்னு சொன்னாளே, அதே பெருசு” என்றார்.

அவர் நிம்மதிக்குக் காரணம் இருந்தது. பாட்டும் நடிப்புமாகச் சொல்லித்தரும் சென்னை நாடகக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தே தீருவேன் என்று கௌரி ஒற்றைக்காலில் நின்றாள். பாடி வீடியோ அனுப்பினால் அதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்களாம். அனுப்புவதற்கு இன்று சாயங்காலத்தோடு கெடு முடிகிறது.

“கூத்தாடவா உன்னைப் படிக்க வச்சேன்? தோட்டம் தொரவு இருக்கறவன் மகளாட்டம் இரு!” என்று சத்தம் போட்ட அங்கப்பன், அவள் செல்போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். குளிக்கும்போதுகூட அவிழ்க்கவில்லை.

அதற்காக அவரை ஒரேயடியாகக் கொடுமைக்காரர் என்றும் சொல்லிவிட முடியாது. மாப்பிள்ளைப் பையன் பிரபாகரோடு பேசிப் பழகட்டும் என்று மாதம்மாளின் பட்டன் போனைத் தினமும் தாராளமாகக் கொடுத்தார். காபி காயப்போடும் களத்தில் நின்றுகொண்டு கௌரியும் நெடுநேரம் பேசினாள், சிரிக்கக்கூடச் செய்தாள். நாடகப் பைத்தியம் தெளிந்துவிட்டது என்று அங்கப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

“பனி எறங்கறதுக்குள்ள அவங்கள வரச் சொல்லுங்கப்பா. வெளிச்சம் போயிருமுங்க” என்றாள் கௌரி, தலைக்குப் பூ வைத்தபடி. மாப்பிள்ளை வீட்டார் மேல் இப்போதே இத்தனை அக்கறையா என்று அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப் வந்து நின்றது. பிரபாகர், அவன் அப்பா, அம்மா மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். கேசரி ஆயிற்று, சொந்தத் தோட்டத்துக் காபியும் ஆயிற்று.

“பொண்ணு நல்லாப் பாடுமாமே?” என்று கேட்டாள் பையனின் அம்மா.

கௌரி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றாள். அவள் எழுந்ததுமே பிரபாகர் போனை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான். போட்டோ எடுக்கிறான், பையனுக்குப் பிடித்துவிட்டது என்று அங்கப்பன் மனைவிக்குக் கண்ணைக் காட்டினார்.

“என் பேரு கௌரி. அப்பா பேரு அங்கப்பன். ஊரு நாகலூர்” என்றாள் கௌரி, குனியாமல், பிரபாகரை நேராகப் பார்த்து.

“பேரு தெரியாமயா கண்ணு இத்தன தூரம் வந்தோம்?” என்று பையனின் அம்மா சிரித்தாள். அப்பன் பேரை மறக்காமல் சொன்னாளே என்று அங்கப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் பாட்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவள் வெறும் தொட்டிலை ஆட்டிப் பாடுகிற தாலாட்டு. மாதம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பையனின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தார்.

இரண்டாவது, சிறையில் கிடக்கும் ராணி காவல்காரனைப் பார்த்துப் பாடுவது. கௌரியே கட்டிய பாட்டு. காலைத் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்து, அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

“சாவி உன் இடுப்பிலே,
வழி என் காலிலே!
பூட்டு உன் கதவிலே,
பாட்டு என் நாவிலே!”

அங்கப்பனின் கை தானாக இடுப்புக்குப் போனது. கேசரித் தட்டு அதிர்ந்தது, வாசலில் நாய் குரைத்தது. கடைசி அடியில் கையை உயர்த்தியபடி நின்ற கௌரிக்கு மூச்சு வாங்கியதே தவிர, முகத்தில் பயம் துளியும் இல்லை.

பையனின் அம்மா விருட்டென்று எழுந்தாள்.

“நல்லா வளத்திருக்கீங்கண்ணா! பொண்ணு பாக்க வந்த எடத்துலயே இந்த ஆட்டம் ஆடுற புள்ள எங்க ஊட்டுக்கு ஆவாதுங்க. நமக்கு எதுக்குங்க இந்த வம்பு, கெளம்புங்க” என்று கணவனை இழுத்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தாள்.

பிரபாகர் மட்டும் எழவில்லை. போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். மூழ்குகிறவர் மாதிரி அங்கப்பன் அவன் கையைப் பற்றினார்.

“மாப்பிள்ளை, நீங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணுங்க. புடிக்காமயா எம் பொண்ண அத்தன போட்டோ எடுத்தீங்க?”

பிரபாகர் தலை நிமிர்ந்து, கௌரியைப் பார்த்துச் சிரித்தான்.

“போட்டோ இல்லீங்க மாமா, வீடியோ. ரெண்டு பாட்டும் இப்பத்தான் காலேஜுக்குப் போய்ச் சேந்துச்சுங்க!”