அகராதி இல்லாமல் ஒரு நாவல்

"இது நாவலாம்மா? நாலாங்கிளாஸ் பிள்ளை எழுதுன லீவு லெட்டர்!"

பேராசிரியர் மீனாட்சிசுந்தரம் மேடையில் கத்தின கத்தலில் மைக் கீச்சிட்டது. கூட்டம் சிரித்தது. பெரிய மனுசர் சொன்னால் சிரிக்கத்தானே வேணும்?

காரைக்குடியில் அந்த இலக்கிய மன்றம் வருஷத்துக்கு ஒரு நாவலைத் தன் செலவில் அச்சடிக்கும். இந்த வருஷம் மாயாஜால நாவல். கடைசிச் சுற்றில் இரண்டு பேர். ஒருத்தர் பேராசிரியர் ஐயாவின் சிஷ்யர் குழந்தைவேலு. இன்னொருத்தி கோட்டையூர் தீபலட்சுமி. பதிப்பகம் பதிப்பகமாக அலைந்து ஓய்ந்தவள். இதை விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை. முடிவு சொல்வது ஐயா.

"குழந்தைவேலு எழுத்தைப் பாருங்க. 'கார்முகில் கவிந்த கங்குலின் கருவறைக்கண்...' அகராதி இல்லாம ஒரு வரி நகராது. அதுய்யா இலக்கியம்!"

குழந்தைவேலு எழுந்து கும்பிட்டார். அந்த வாக்கியம் எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியாது, பாவம்.

தீபலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயா, நடையைத்தான் வையிறீக. கதை எப்படி இருக்குன்னு சொல்ல மாட்டேங்கிறீகளே?"

"கதையா? வரி விடாமப் படிச்சு நொந்துபோனேன் தாயி. ஒரு பக்கம் வாசிக்கிறேன், எல்லாரும் கேட்டுச் சிரிங்க."

தாள்கட்டை நடுவில் பிரித்தார்.

"'அந்த ஆறு, பொய் சொன்னவர்களை விழுங்கிவிடும். ஊரே கரையில் நின்றது. யாரும் இறங்கவில்லை.' பாத்தீகளா லட்சணத்தை?"

சிரிப்பு.

"'செல்லி தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அன்று காலையில் அவள் ஒரு பொய் சொல்லியிருந்தாள்.'"

சிரிப்பு பாதியில் நின்றது.

"'தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. யாரிடம் பொய் சொன்னாய் என்று ஆறு கேட்டது...'"

ஐயா நக்கலடிக்க மறந்துவிட்டார். பக்கத்தைத் திருப்பினார். இன்னொன்றையும் திருப்பினார்.

பின்கட்டிலிருந்து சுக்கா வறுவல் வாசம் வந்தது. எங்கள் ஊரில் இலக்கியக் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வருவதே பந்திக்குத்தான். ஆனாலும் செயலாளர் முத்துக்கருப்பன், "இலை போட்டாச்சு, வாங்க!" என்று கூப்பிட்டபோது ஒருத்தரும் அசையவில்லை.

அவர் மேடையேறி ஐயாவிடம் குனிந்தார். "ஐயா, நீங்கதான் வரி விடாமப் படிச்சுட்டீகளே. எந்திரிங்க, சோறு ஆறுது."

ஐயா தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே எரிந்து விழுந்தார். எதிரே மைக் இருக்கிற ஞாபகமே அவருக்கு இல்லை.

"பேசாம இருய்யா! இப்பத்தான் மொதத் தடவையாப் படிக்கிறேன். அந்தப் புள்ள இன்னும் கரையேறலை!"