முதல் பெட்டி

ராமேஸ்வரம் ஆடித் திருவிழா, 1953. காலையிலிருந்து ராட்டினத்தின் முதல் பெட்டியில் ஒவ்வொரு சுற்றிலும் அதே பெண்தான். இரு கையாலும் கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடியிருந்தாள்.

டிக்கெட் கிழிக்கப் புதிதாக வந்த பாக்கர், முதலாளி பூமிநாதனிடம் கேட்டான்.

"இம்புட்டுப் பயந்தவுக எதுக்குண்ணே திரும்பத் திரும்ப ஏறுறாக?"

"கம்பியைப் பிடிக்கணும்னு போர்டு இங்கிலீஷ்ல இருக்கு. காசியிலருந்து வந்த சனத்துக்கு அதுவும் தெரியாது, தமிழும் தெரியாது. தீர்த்தக் கிணத்துல முன்னால நிக்கிறவுக செய்யிறதைத்தான் அப்படியே செய்வாக. இங்கனயும் அதேதான். பாரு!"

பின்பெட்டிகளில் அத்தனை பேரும் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடியிருந்தார்கள்.

"அப்ப அவுக யாரு?"

"என் சம்சாரம்."

ராட்டினம் நின்றது. முதலில் இறங்கியவள், "கை மரத்துப்போச்சு. நாளைக்கு நீங்க ஏறுங்க" என்று புருஷன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

பின்னால் இறங்கிய காசிக்கார அம்மாளும் பயபக்தியோடு பூமிநாதன் தலைக்கு நேராகக் கையை ஓங்கினாள்.