ஆடுபவர்கள் செய்த முகம்

பதினொரு பேரும் அவளாகவே இருந்தார்கள்.

வக்கீல் தாணுலிங்கத்தின் மேசைமேல் இருந்த லேப்டாப்பில் கால்பந்து வீடியோ கேம் ஓடிக்கொண்டிருந்தது. கோல்கீப்பருக்கு அவள் முகம். பந்தை விரட்டுகிறவளுக்கும் அவள் முகம். விழுந்து கிடந்தவளை மிதித்துக்கொண்டு எதிரணி ஓடியது.

விசில் ஊத யாரும் வரவில்லை.

அணிக்கு வைத்திருந்த பெயரை வக்கீல் வாய்விட்டு வாசிக்கவில்லை. அவளும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஜெஸ்லின் கால்பந்து நடுவர். மாவட்ட இறுதி ஆட்டத்தின் கடைசி நேரத்தில் ஒரு பெனால்டி கொடுத்தாள். கொடுக்க வேண்டிய பெனால்டிதான். தோற்ற ஊர்க்காரன் எவனோ வீட்டுக்குப் போய், பொறுமையாக உட்கார்ந்து, அந்த கேமில் அவளைச் செய்திருக்கிறான்.

இடது கண்ணுக்குக் கீழே இருக்கும் மச்சம் உட்பட.

அது எந்தக் கண் என்று அவள் புருஷனே ஒருமுறை மாற்றிச் சொன்னதுண்டு.

அவன் நெட்டில் ஏற்றிவிட்ட அந்த அணியைக் கண்டவனெல்லாம் தோற்கடித்து, வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். மீன் வாங்கப் போன இடத்தில் யாரோ ஒருத்தி இவளைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவளின் தோளைத் தட்டினாள். கால்பந்து சங்கச் செயலாளர் தன்மையாகத்தான் பேசினார். இதெல்லாம் அடங்கட்டும், பிறகு ஆட்டம் தருகிறோம்.

சனிக்கிழமை சாயங்காலம் பூட்ஸைத் துடைத்து வைப்பது அவள் வழக்கம்.

இப்போதும் துடைத்துத்தான் வைக்கிறாள்.

அவள் எழுதிய புகாருக்கு கேம் நிறுவனத்தின் பதில் சுருக்கமாக இருந்தது. கண், மூக்கு, முடி எல்லாம் தனித்தனியாகத் தருவதுதான் எங்கள் வேலை. அவற்றைச் சேர்த்து முகமாக்குகிறவர்கள் ஆடுபவர்கள். சுட்டிக்காட்டினால் நீக்கிவிடுவோம்.

நீக்கவும் செய்தார்கள். அன்றைக்கே வேறு பெயரில் வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி நீக்கினார்கள்.

மறுபடி வந்தது.

“சட்டம் அப்படித்தாம்மா இருக்கு. சொன்ன உடனே எடுத்துட்டா கம்பெனி மேல தப்பு இல்ல.”

“அப்போ யாரு மேல சார் தப்பு?”

“செஞ்சவன் மேல.”

“அவன் யாரு?”

தாணுலிங்கம் லேப்டாப்பை மூடினார்.

“பேரத் தர மாட்டேங்காங்க. அதுக்குத் தனியா கோர்ட்டுக்குப் போகணும். வருஷக்கணக்கா இழுக்கும்.”

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். நிறுவனமே ஒரு வழி சொல்லியிருக்கிறது. அவள் முகத்தை எல்லாப் பக்கத்திலிருந்தும் படமெடுத்து அனுப்ப வேண்டும். அவர்களுடைய கம்ப்யூட்டர் அதைப் படித்து வைத்துக்கொள்ளும். இனி யார் அந்த முகத்தைச் செய்தாலும் அது தடுத்துவிடும்.

“அப்போ என் முகம் முழுசா அவங்ககிட்ட இருக்குமா?”

“இருக்கும்.”

அவள் துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

“சரி சார்.”

அவரே தன் போனில் எடுத்தார். நேராக. இடப்பக்கம். வலப்பக்கம். சிரித்து. கோபமாக. வாய் திறந்து கத்துவதுபோல.

அதோடு போனைத் தாழ்த்திவிட்டார்.

“முடிஞ்சிட்டா சார்?”

“இன்னும் ஒண்ணு கேட்டிருக்காங்க.” அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். “அழுற மாதிரி. கேம்ல அந்த முகமும் செய்யலாமாம். வேண்டாம், விடும்மா.”

வடசேரிப் பேருந்து ஒன்று ஹாரன் அடித்தபடி தெருவைக் கடந்தது.

“எடுத்துருங்க சார்” என்றாள்.

முகத்தில் வெளிச்சம் விழும்படி நாற்காலியை அவளே நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.